கீறினால் என்ன ஆகும்? ராமநாதபுரம் கடற்கரைப் பெஞ்சுகளின் மேற்பூச்சு குறித்து ஒரு மதிப்பீடு

கடற்கரையில் போடும் பெஞ்சுக்குக் கொட்டேஷன் வாங்குகிறவர்கள் நிறம், நீளம், விலை மூன்றையும் பார்த்து முடிவெடுத்துவிடுகிறார்கள். இந்தக் கரையில் முதலில் கேட்க வேண்டியது வேறு. யாரோ ஒருவர் சாவியால் நாலு விரல் நீளத்துக்குக் கீறிவிட்டுப் போகிறார். அடுத்த மழைக்காலம் முடியும்போது அந்தக் கீறல் எப்படி இருக்கும்?

மதுரையில் அது கீறலாகவே கிடக்கும். பாம்பனில் கிடக்காது. கீறிய இடம் வழியாக உப்பு இறங்கும், பெயிண்டுக்கு அடியில் துரு பக்கவாட்டில் ஊரும், தட்டினால் பொருக்காக உதிரும். அதனால் உப்புக் காற்றையும் கைச்சேட்டையையும் தனித்தனியாக நினைத்துப் பூச்சு வாங்கக் கூடாது. ஒன்று கதவைத் திறக்கிறது, மற்றது உள்ளே நுழைகிறது. ஊராட்சி, கோயில், உபயதாரர், தங்கும் விடுதி என்று யார் பெஞ்சு போட்டாலும் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் கீழே உள்ள ஒவ்வொரு வகையையும் எடைபோட்டிருக்கிறோம்.

இடத்தின் கடுமையைக் கொஞ்சம் எண்ணில் சொன்னால்தான் மற்றவை புரியும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் கடல் அரிப்பை ஆராய மண்டபத்தில் தனி மையமே வைத்திருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குப் பாலிசிலோக்சேன் என்னும் சிலிக்கான் சார்ந்த பூச்சும் துருப்பிடிக்காத கம்பியும் போட்டதற்கும் இந்தக் காற்றுதான் காரணம். ஐ.எஸ்.ஓ. 9223 தர நிர்ணயம் அரிப்பின் கடுமையை சி1 முதல் சி5 வரையும், அதற்கும் மேலே சிஎக்ஸ் என்றும் பிரிக்கிறது. சி5 என்றால் பூச்சில்லாத இரும்பு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை தேயும், துத்தநாகம் 4.2 முதல் 8.4 மைக்ரான் வரை தேயும். சிஎக்ஸ் இடத்தில் துத்தநாகம் 25 மைக்ரான் வரைகூடப் போகும். ராமேசுவரம் தீவிலும் அலை உடையும் தென்கடல் (மன்னார் வளைகுடா) ஓரத்திலும் சி5-க்குக் குறைவாக எதையும் கணக்கில் எடுக்காதீர்கள். வடகடல் (பாக் நீரிணை) பக்கம் அலை குறைவு என்பதால் சாரல் குறையும், உப்பு இல்லாமல் போகாது.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்தின் மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். மற்ற மாதங்களில் படிந்த உப்பைக் கழுவ ஆளில்லை. பெஞ்சின் அடிப்பக்கத்தை மழையும் தொடாது. அதனால் துரு எப்போதும் அடியிலிருந்துதான் ஆரம்பிக்கும். புது பெஞ்சைச் சோதிக்கிறவர்கள் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்ப்பதே முதல் வேலை.

இங்கே பெஞ்சுக்கு நேரும் சேட்டைகளும் இந்த ஊருக்கே உரியவை. அக்னி தீர்த்தத்தில் நீராடியவர்கள் ஈரத்துணியோடு அப்படியே உட்காருவார்கள், உப்புத்தண்ணீர் பலகை இடுக்கெல்லாம் வடியும். வெற்றிலை எச்சில், சுவரொட்டிப் பசை, எண்ணெய், மார்க்கர் பேனா, சாவி, பாட்டில் மூடி எல்லாம் வரும். மீனவர் குடியிருப்பு ஓரம் என்றால் பெஞ்சின் காலில் கயிறு கட்டி வலை உலர்த்துவார்கள். அது சேட்டையே அல்ல, பிழைப்பு. ஆனால் கயிறு உரசிய இடத்தில் பூச்சு போய்விடும். தனுஷ்கோடியில் காற்று அள்ளி வீசும் மணல், பெஞ்சின் கால்களைத் தரையிலிருந்து ஒரு முழம் வரை உப்புத்தாள் போட்டது போலத் தேய்க்கும்.

இனி வகைகளுக்கு வருவோம். சந்தையில் அதிகம் விற்பது எம்.எஸ். எனப்படும் சாதாரண இரும்புக் குழாயில் செய்து பவுடர் கோட்டிங் போட்ட பெஞ்சு. புதிதாக இறங்கும்போது இதைவிட அழகானது கிடையாது. பூச்சு ஒரே சீராக, 60 முதல் 80 மைக்ரான் தடிப்பில் இருக்கும், மார்க்கர் கறையும் ஓரளவு துடைத்தால் போகும். ஆனால் அந்தப் பூச்சு இரும்பின் மேல் போர்த்திய ஒரு தோல் மட்டும்தான். அடியில் துத்தநாகமோ எபாக்ஸி அடிப்பூச்சான பிரைமரோ இல்லையென்றால் ஒரே கீறலில் காப்பு முடிந்தது. மேலும், வீட்டுக்குள் வைக்கும் சாமான்களுக்குப் போடும் எபாக்ஸி-பாலியஸ்டர் கலவைப் பவுடரையே வெளிச்சாமான்களுக்கும் போட்டுத் தள்ளுகிற பட்டறைகள் உண்டு. அது வெயிலில் வெளுத்து, கையில் சுண்ணாம்பு போல ஒட்டும். வெளியில் வைப்பதற்குச் சுத்த பாலியஸ்டர் பவுடர் வேண்டும். அடுப்பில் சுட்டு உருக்கும் பூச்சு என்பதால் உரிந்த இடத்தில் அதே பூச்சை வைத்து இடத்திலேயே ஒட்டுப்போடவும் முடியாது. வெறும் இரும்பின் மேல் பவுடர் கோட்டிங் என்பதைக் கடலிலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்குள் நாங்கள் ஏற்பதில்லை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

அடுத்து 'ஜி.ஐ. பெஞ்சு', அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு. இந்தப் பெயரில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைக்கும் மெல்லிய ஜி.பி. குழாயில் (முன்பே துத்தநாகம் பூசிய தகட்டில் செய்தது) பெரும்பாலும் இரு பக்கமும் சேர்த்துச் சதுர மீட்டருக்கு 120 கிராம் துத்தநாகம்தான். ஒரு பக்கத்துக்குக் கணக்குப் போட்டால் எட்டு மைக்ரான் சொச்சம். மேலே சொன்ன சி5 தேய்மானத்தை வைத்துப் பாருங்கள், ஓரிரு வருடச் சாப்பாடு அது. வெட்டிய முனையிலும் வெல்டிங் வைத்த இடத்திலும் அந்த எட்டு மைக்ரானும் எரிந்து போயிருக்கும், மேலே வெள்ளிப் பெயிண்ட் அடித்து மறைத்திருப்பார்கள். உண்மையான காப்பு, பெஞ்சை முழுதாகச் செய்து முடித்த பிறகு 450 டிகிரி சூட்டில் உருகிய துத்தநாகத் தொட்டியில் முக்கி எடுப்பது. ஹாட் டிப் என்று கேட்க வேண்டும். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 4759 படி 5 மி.மீ.யும் அதற்கு மேலும் தடிப்புள்ள இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம், அதாவது சுமார் 86 மைக்ரான். 2 முதல் 5 மி.மீ. வரை என்றால் 460 கிராம். இதில் கீறினால்? ஹாட் டிப்பில் துத்தநாகம் இரும்போடு கலந்து உலோகக் கலவையாகவே பிடித்திருக்கும், சாவிக்கு எளிதில் வழிவிடாது. மெல்லிய கோடு விழுந்து இரும்பு தெரிந்தாலும் பக்கத்துத் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காக்கும். துரு பக்கவாட்டில் ஊராது. இதுதான் பெயிண்டுக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

ஆனால் அதே சி5 கணக்குப்படி 86 மைக்ரானுக்கு 10 முதல் 20 ஆண்டுதான் ஆயுள், சிஎக்ஸ் இடத்தில் நாலு வருடமே தாண்டாமல் போகலாம். அதனால் துத்தநாகத்தின் மேலே பெயிண்ட் அமைப்பும் சேர்ந்த இரட்டைக் காப்புதான் இரும்புப் பெஞ்சுக்கு நாங்கள் ஒப்புக்கொள்ளும் ஒரே வழி. இதிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. குழாய்க்குள் காற்று அடைபட்டிருந்தால் தொட்டியில் வெடிக்கும், ஆகவே முனைகளுக்கு அருகில் 10 மி.மீ.க்குக் குறையாத காற்றுத் துளைகளை வெல்டரிடம் முன்கூட்டியே போடச் சொல்ல வேண்டும். புதுத் துத்தநாகம் வழுவழுப்பானது, லேசாக மணல் வீசிச் சொரசொரப்பாக்காமல் பூச்சுப் பிடிக்காது. அதன்மேல் சாதாரண எனாமல் நேரடியாக அடித்தால் எனாமலின் எண்ணெய்யும் துத்தநாகமும் சேர்ந்து சோப்பாக மாறி, பூச்சு தோல் தோலாக உரியும். பல பூங்காக்களில் ஜி.ஐ. கம்பி வேலி பாம்புச் சட்டை உரிப்பது போல நிற்பதற்கு இதுவே காரணம். பவுடர் கோட்டிங்தான் வேண்டும் என்றால், துத்தநாகத்தில் அடைபட்ட வாயு அடுப்பில் வெளியேறிக் குண்டூசித் துளைகளை உண்டாக்கும். பவுடர் தூவும் முன் ஒருமுறை வெறுமனே சூடேற்றி எடுக்கும் பட்டறையாகப் பாருங்கள்.

பெயிண்ட் அமைப்பு என்று சொல்லும்போது ரெட் ஆக்சைடும் எனாமலும் நினைவுக்கு வரவே கூடாது. ஏற்கெனவே நிற்கும் வெறும் இரும்புப் பெஞ்சுக்கு, எஸ்.ஏ. 2½ அளவுக்கு (துருவும் பழைய பூச்சும் ஏறக்குறைய முழுதும் போகும்படி) மணல் வீசிச் சுத்தம் செய்து, துத்தநாகம் நிறைந்த எபாக்ஸி பிரைமர் 60 மைக்ரான், நடுவில் எபாக்ஸி 140, மேலே வெயில் தாங்கும் அலிஃபாட்டிக் பாலியூரித்தேன் (பியூ) 60, மொத்தம் 260 மைக்ரான். ஐ.எஸ்.ஓ. 12944 சி5 சூழலில் நீண்ட ஆயுளுக்குக் கேட்கும் அளவு இது. ஹாட் டிப் செய்த இரும்புக்குத் துத்தநாகப் பிரைமர் தேவையில்லை, எபாக்ஸியும் பியூவும் போதும். எபாக்ஸியை மேல்பூச்சாக விட்டுவிடாதீர்கள், வெயிலில் சுண்ணாம்பாகும். கூரான விளிம்பிலிருந்து பெயிண்ட் விலகிப் போகும் என்பதால் ஓரங்களை 2 மி.மீ. உருட்டிவிட்டு, விளிம்புக்கும் வெல்டிங்குக்கும் முதலில் பிரஷ்ஷால் தனிக் கோட் கொடுக்க வேண்டும்.

இந்த அமைப்பு தோற்றுப்போகிற இடங்களில் பெரும்பாலும் பெயிண்டின் மேல் குற்றம் இருக்காது, கழுவாததுதான் குற்றம். மணல் வீசிப் பளபளவென்று தெரியும் இரும்பு ஒரு ராத்திரி பாம்பன் காற்றில் நின்றால் கண்ணுக்குத் தெரியாமல் உப்பு படிந்திருக்கும். மறுநாள் அதன்மேல் அடித்த பூச்சு சில மாதங்களில் கொப்புளம் விடும். நல்ல தண்ணீரில் கழுவி, உலர்ந்த அன்றே பிரைமர் போய்விட வேண்டும். கழுவ எடுப்பது ஊர்க் கிணற்றின் உவர்நீராக இருந்தால் கழுவாமலிருப்பதே மேல். குடிக்கும் தண்ணீர் லாரியில் வாங்கும் ஊர்களில் இதற்கென்று ஒரு பீப்பாய் தண்ணீரை வேலைச் செலவிலேயே சேர்த்து எழுதுங்கள். பனி விலகி இரும்பு காய்ந்த பிறகு, வெயில் ஏறும் முன், காலை எட்டரையிலிருந்து பதினொன்றுக்குள் அடிப்பது நல்லது. உச்சி வெயிலில் கொதிக்கும் இரும்பில் தின்னர் பொங்கித் துளை விடும்.

எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பெஞ்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒரு எச்சரிக்கை தவிர. பட்டறையில் 'எஸ்.எஸ்.' என்று மட்டும் சொன்னால் மாங்கனீசு கூடிய 202 தரம் வந்து சேரும் வாய்ப்பு அதிகம். காந்தம் வைத்துப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. 304-ம் இங்கே தேநீர்க் கறை போலப் பழுப்பேறும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 வேண்டும். மாலிப்டினம் சோதிக்கும் சொட்டு மருந்து கிடைக்கிறது, இரண்டு நிமிட வேலை. மேற்பரப்பு எவ்வளவு வழுவழுப்போ அவ்வளவு நல்லது, சொரசொரப்பான பிரஷ் ஃபினிஷில் உப்பு உட்கார்ந்துகொள்ளும். வெல்டிங் கறுப்பைப் பிக்ளிங் பேஸ்ட் என்னும் அமிலப் பசை போட்டு எடுக்க வேண்டும், இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் அந்த இரும்புத் துகளே துருவாகும். கீறல் கேள்விக்கு 316-ன் பதில் மிக நல்லது: பூச்சே கிடையாது, கீறிய இடத்திலும் காப்புப் படலம் தானாக வளரும். ஆனால் நடுப்பகலில் உட்கார முடியாது, திருடிப் பழைய இரும்புக் கடையில் போடும் ஆசையையும் தூண்டும்.

எங்கள் முதல் இடம் கருங்கல்லுக்கு, அதிலும் சாம்பல் நிற கிரானைட்டுக்கு. சாவியைவிடக் கல் கடினம். கீறினால் சாவிதான் தேயும், கல்லில் விழுவது பித்தளைக் கோடு, தேய்த்துத் துடைத்தால் போய்விடும். மார்க்கர் கறை பாலிஷ் போட்ட கல்லில் ஆழமாக இறங்காது, அசிட்டோன் நனைத்த துணியால் எடுக்கலாம். சமையலறை மேடைக்குப் போடும் 18 மி.மீ. கல்லை இரண்டு செங்கல் தூணில் வைத்து உபயம் எழுதிவிடுவது இங்கே நடப்பு. யாராவது நடுவில் ஏறி நின்று குதித்தால் அது இரண்டாகும். 50 மி.மீ. தடிப்பு வேண்டும். ஒன்றரை மீட்டர் நீளம், 45 செ.மீ. அகலத்தில் அந்தக் கல் சுமார் 90 கிலோ இருக்கும், ஒருவரால் புரட்டவும் முடியாது. ஓரங்களை உருட்டிவிட்டால் சிதறல் விழாது. கல்லுக்குக் கல்லே கால். செங்கல் தூணும் சிமெண்ட் பூச்சும் கால் என்றால் மூன்று வருடத்தில் உப்பு பூத்து உதிரும். கல்லையும் காலையும் இணைக்கும் ஊசிக் கம்பி 316 ஆக இருக்கட்டும், சாதாரணக் கம்பி துருப்பிடித்துப் பருத்தால் கல்லையே பிளக்கும். கறுப்பு கிரானைட் வேண்டாம், பங்குனி வெயிலில் பழுக்கக் காயும். உபயதாரர் பெயரைப் பெயிண்டில் எழுதாமல் கல்லில் வெட்டிவிடுங்கள். சுரண்ட முடியாது, வருடாவருடம் எழுதவும் வேண்டாம்.

நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய கல் வழுக்காது என்று சொல்லி விற்பார்கள். தரைக்கு அது சரி. உட்காரும் பலகைக்கு வேண்டாம், வெற்றிலைச் சாறு அதன் குழிகளில் இறங்கி உட்கார்ந்துவிடும்.

கான்கிரீட் பெஞ்சு கீறலுக்கு அஞ்சாது. அதன் எமன் உள்ளே இருக்கும் கம்பி. கடல் சாரல் படும் இடத்தில் கம்பிக்கு மேல் 50 மி.மீ. கான்கிரீட் மூடல் வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456. 75 மி.மீ. தடிப்புள்ள பலகையில் இரு பக்கமும் 50 மி.மீ. எங்கே இருக்கிறது? கம்பியே இல்லாத பருத்த கட்டையாக வார்த்துவிடுங்கள், இல்லையேல் கண்ணாடி நார்க் கம்பி போடுங்கள். உவர்நீரில் கலவை போடவும் கூடாது, நனைக்கவும் கூடாது. மேலே பீங்கான் ஓடு ஒட்டுவது அழகுக்கு ஆனாலும், ஓடு ஒன்று உடைந்தால் தொடையைக் கிழிக்கும்.

மறுசுழற்சி பிளாஸ்டிக் பலகைக்கு இரண்டாம் இடம் தரலாம், நிபந்தனையோடு. நிறம் உள்வரை ஒன்றே என்பதால் கீறல் வேறு நிறமாகத் தெரியாது, உப்பு ஒன்றும் செய்யாது. கத்தியால் செதுக்கிய பெயரை இழைப்புளியில் இரண்டு இழைப்பு இழைத்து எடுத்துவிடலாம். பலவீனம் நெருப்பும் சூடும். சிகரெட் முனை குழி விடும். தாங்கல் இடைவெளி 40 செ.மீ.க்கு மேல் போனால் பலகை தொய்யும். ஒன்றரை மீட்டர் பலகை காலைக்கும் உச்சிக்கும் இடையில் 5 மி.மீ. வரை நீளும், எனவே ஒரு முனையை மட்டும் இறுக்கி மற்ற இடங்களில் நீள்வட்டத் துளை போட வேண்டும். வட்டத் துளையில் இறுக்கிய பலகை வில்லாக வளைந்து நிற்கும்.

எஃப்.ஆர்.பி. (கண்ணாடி நார் ஃபைபர்) பெஞ்சுக்கு இந்தக் கரையில் வேறெங்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. ஃபைபர் படகு பழுதுபார்க்கும் ஆட்கள் பாம்பனிலும் மண்டபத்திலும் இருக்கிறார்கள். உடைந்தால் பாய், ரெசின், ஜெல் கோட் மூன்றும் பக்கத்திலேயே. மேல்பூச்சான ஜெல் கோட் தேய்ந்து நார் வெளியே தெரிந்தால் உட்காருகிறவர் தோலில் குத்தி அரிக்கும் என்பதால், மங்கத் தொடங்கும்போதே மறுகோட் போட வேண்டும். மரத்தில் வைரம் பாய்ந்த பனையும் தேக்கும் நிற்கும், தரையைத் தொடாமல் இருந்தால். வார்னிஷ் வேண்டாம், படலமாக உரியும். உள்ளிறங்கும் எண்ணெய் பூசுங்கள். மரப்படகுக்குப் பூசும் முந்திரிக் கொட்டை எண்ணெய்யை பெஞ்சுக்குப் பூசிவிடாதீர்கள், அது தோலைப் புண்ணாக்கும்.

கிறுக்கல் ஒட்டாமல் தடுக்கும் ஆன்டி கிராஃபிட்டி பூச்சு இரண்டு வகை. மெழுகு வகை ஒரு முறைக்கானது: கறை பட்டால் சுடுதண்ணீர் பீய்ச்சி மெழுகோடு கறையை எடுத்துவிட்டு மறுபடி பூச வேண்டும். சுடுதண்ணீர் எந்திரமும் நல்ல தண்ணீரும் இல்லாத கடற்கரையில் இது வீண் செலவு, வெயிலிலேயே இளகி மணலைப் பிடித்துக்கொள்ளும். நிரந்தர வகை, இரண்டு டப்பா கலந்து பூசும் பாலியூரித்தேன் அல்லது பாலிசிலோக்சேன். இரட்டைக் காப்பு இரும்பின் மேல் இதையே கடைசிக் கோட்டாகக் கேட்டு வாங்கினால் தனிச் செலவு இல்லை. பாலிஷ் கல்லுக்கு எதுவுமே தேவையில்லை.

கறை எடுப்பதில் ஒரு தவறு எல்லா ஊரிலும் நடக்கிறது. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைப் பெஞ்சுக்கும் ஊற்றுகிறார்கள். அந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் எஸ்.எஸ்.ஸைக் குழி குழியாகத் தின்னும், கான்கிரீட்டை அரிக்கும், துத்தநாகத்தைக் கரைத்தே விடும். வெற்றிலைக் கறைக்குச் சோப்புத் தண்ணீர், அதன்மேல் படிந்த சுண்ணாம்புப் பொருக்கு கிரானைட்டில் இருந்தால் எலுமிச்சைச் சாறு போதும். சுவரொட்டியை ஈரத்துணி போர்த்தி அரை மணி நேரம் ஊறவிட்டு மரத்துண்டால் தள்ளுங்கள், இரும்புச் சுரண்டி வேண்டாம்.

போல்ட்டைக் கவனிக்காமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் வீண். தலையில் ஏ4 (316 தரம்) என்று பொறித்த போல்ட், துத்தநாகத்தோடு தொடும் இடத்தில் நைலான் வாஷர், இறுக்கியதும் தலை முறிந்து விழும் திருட்டுத் தடுப்பு நட்டு. போல்ட் துளையில் தண்ணீர் நிற்காமல் சீலண்ட்.

இடம் வாரியாகச் சொன்னால், அக்னி தீர்த்தம், தேவிபட்டினம், சேதுக்கரை போன்ற நீராடும் துறைகளில் பாலிஷ் கிரானைட் தவிர வேறெதையும் நினைக்க வேண்டாம். இருக்கையை ஒரு பக்கமாக ஒரு சென்டிமீட்டர் சரித்து வைத்தால் ஈரத்துணியின் உப்புத்தண்ணீர் தேங்காது. அரியமான் சவுக்குத் தோப்பு நிழலில் பிளாஸ்டிக் பலகை, கிரானைட் கால். தனுஷ்கோடியில் மணல் வீச்சு இருப்பதால் இரும்புக் காலே கூடாது, முழுக் கல். கீழக்கரை, ராமநாதபுரம் ஊருக்குள் பேருந்து நிறுத்தங்களில் இரட்டைக் காப்பு இரும்பு தாராளமாக நிற்கும்.

இரும்பை எடுப்பவர்கள் வேலை உத்தரவில் மூன்று வரி சேர்த்துக்கொள்ளுங்கள். ஹாட் டிப் முடிந்ததும் ஒருமுறை, பெயிண்ட் முடிந்ததும் ஒருமுறை, அடிப்பக்கம் உட்பட ஒவ்வொரு பெஞ்சிலும் பத்து இடத்தில் மைக்ரான் மீட்டர் வைத்துக் குறித்துத் தர வேண்டும். அதே நிற பியூ பெயிண்டும் கெட்டியாக்கியும் அரை லிட்டர், துத்தநாகம் நிறைந்த எபாக்ஸி கால் லிட்டர் ஒப்படைப்போடு வர வேண்டும். மாசியிலும் ஆவணியிலும் நல்ல தண்ணீரில் கழுவி, கீறல்களை உப்புத்தாள் 120-ல் தேய்த்து, அன்றே ஒட்டுக்கோட் போட ஓர் ஆளுக்கு அரை நாள் கூலி ஒதுக்கியிருக்க வேண்டும்.